படலை தூக்கும் இரவு: திருகோணமலைக் கிராமங்களின் சிவராத்திரிக் குறும்பும் சித்திரை விளையாட்டும்

மாசி மாதத்துச் சிவராத்திரி கழிந்து விடியும் வேளையில், என் சிறுவயதில் தம்பலகாமத்துப் பக்கத்து ஊர்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். கோயில் வீதியில் நிற்கும் ஆலமரத்தின் அடியில் பத்துப் பதினைந்து படலைகள், அதாவது வேலி வாசலில் மாட்டும் தடிக் கதவுகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டு உரல், இன்னொருவர் வீட்டுச் சாய்மனைக் கதிரை, சில்லுகள் கழற்றப்பட்ட ஒரு மாட்டு வண்டில் ஆகியவை இருக்கும். நாலாம் சாமப் பூசை முடிந்து திருநீறு பூசிக்கொண்டு வெளியே வரும் பெரியவர்கள் அந்தக் குவியலைச் சுற்றி நின்று, தத்தம் படலையைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைப் பார்த்து அடையாளம் காண்பார்கள். பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். "இந்தமுறை ஆர்ரா தலைமை?" என்று ஒருவர் கேட்பார். பதில் வராது. அவரும் பதிலை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

களவு என்றால் பொலிசுக்குப் போகக்கூடிய ஓர் ஊரில், ஆண்டில் இந்த ஓர் இரவில் மட்டும் களவு ஏன் களவாகக் கருதப்படவில்லை என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் கேள்வி. சிவராத்திரிக் குழப்படி என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் இருந்திருக்கிறது. ஆயினும் திருகோணமலையில் அது நிகழ்ந்த விதத்தை இம்மண்ணின் பருவத்தோடும் உறவுமுறையோடும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் துலங்கும்.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். பழந்தமிழ்ப் பகுப்பில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். எங்கள் பகுதியில் ஐப்பசி தொடங்கிப் பெய்யும் வடகீழ்ப் பருவ மழை தை மாதத்தில் ஓய்ந்துவிடும். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் பெரும்போக நெல்லை வெட்டிச் சூடடித்து முடிக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சிவராத்திரி வரும்போது வயல் வேலை தளர்ந்திருக்கும், பட்டறையில் நெல் இருக்கும், வைக்கோற்போர் உயர்ந்து நிற்கும், வண்டில்கள் வேலையின்றி வளவுக்குள் கிடக்கும். நான்கு மாதம் சேற்றிலும் காவலிலும் கழித்த இளைஞர்களுக்கு உடலில் வலுவும் கையில் ஓய்வும் ஒருசேரக் கிடைக்கும் முதல் நாள்கள் அவை. மாமரம் பூத்துப் பிஞ்சு பிடிப்பதும், மரமுந்திரிகை பழுக்கத் தொடங்குவதும், வேம்பு பூத்துக் காற்று முழுக்க அதன் மணம் பரவுவதும் அடுத்தடுத்த வாரங்களில் நிகழும். ஐரோப்பிய நாடுகளில் பனி உருகி வருவது போன்ற வசந்தம் நமக்கு இல்லை. ஆனால் மழையும் வேலையும் முடிந்த பின்பு மனிதர் உள்ளத்தில் ஏற்படும் விடுதலை உணர்வு நமக்கும் உண்டு.

அடுத்தது இருள். சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அமாவாசை என்பதால், மெலிந்த நிலாக்கீற்று விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். இரவு முழுவதும் நட்சத்திர வெளிச்சம் மட்டுமே இருக்கும். மின்சாரம் எல்லா ஊருக்கும் வந்திராத காலத்தில், பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாது. அதே இரவில் ஊரே விழித்திருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் நான்கு சாமமும் கோயிலில் இருப்பார்கள். வீடுகளில் ஆள் குறைவு. உபவாசத்தால் பசித்த வயிற்றோடு தூக்கத்தை விரட்ட வேண்டிய இளைஞர் கூட்டம் ஒன்று வெளியே இருக்கும். நள்ளிரவை ஒட்டிய இலிங்கோற்பவ காலப் பூசை வரைக்கும் அவர்களும் கோயிலில் நிற்பார்கள். அதன்பின் விடியும் வரையிலான நேரம் மிக நீண்டது. வசதியான ஊர்களில் கூத்தோ வில்லுப்பாட்டோ ஒழுங்கு செய்திருப்பார்கள், நகரத்தில் விடிய விடியப் படம் ஓடும். இவை இல்லாத ஊரில் கண்விழிப்புக்கு வழி, நடப்பதும் சிரிப்பதும் எதையாவது தூக்குவதுமே.

சமயக் கதைகளும் இந்தக் குறும்புக்கு இடங்கொடுத்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிவராத்திரியன்று கோயிலில் சொல்லப்படும் கதைகளில் முதன்மையானது வேடன் கதை. விலங்குக்குப் பயந்து வில்வமரத்தில் ஏறிய வேடன், தூங்கி விழாமலிருக்க இலையைப் பறித்துப் பறித்துக் கீழே போட, அவை அவன் அறியாமலே சிவலிங்கத்தின் மேல் விழுந்து பூசையாயின. இரண்டாவது குணநிதியின் கதை. தந்தையால் விரட்டப்பட்டுப் பசியோடு அலைந்த குணநிதி, சிவராத்திரி இரவில் கோயில் நைவேத்தியத்தைத் திருட உள்ளே நுழைந்தான். அணையும் நிலையிலிருந்த விளக்கைத் தன் ஆடையைக் கிழித்துத் திரியாக்கித் தூண்டினான். பிடிபட்டு இறந்தபின் சிவகணங்களால் காக்கப்பட்டு, பின்னொரு பிறவியில் குபேரனானான். திருட வந்தவனுக்கே அருள் கிடைத்த இரவு இது என்பதை எங்கள் ஊர் இளைஞர் எவரும் மறந்ததில்லை. புராணத்தின் நோக்கம் இளநீர்க் களவுக்கு அனுமதி கொடுப்பதன்று. ஆனாலும் விழித்திருப்பதே வழிபாடு என்னும் எண்ணம், விழித்திருக்கச் செய்யும் எதையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் மனநிலையை ஊருக்குத் தந்திருந்தது.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதில் உண்மையான தேர்ச்சி இருந்தது. இளநீரையே எடுத்துக்கொள்வோம். குலையை வெட்டிக் கீழே போட்டால் அந்தச் சத்தத்தில் நாய்கள் குரைத்து ஊரே எழுந்துவிடும். ஆகவே காலில் தளைநார் மாட்டி ஏறுபவன் இடுப்பில் கயிறு ஒன்றையும் கொண்டு போவான். குலையின் காம்பில் கயிற்றைக் கட்டி, மட்டைக்கு மேலாக அதை விட்டு, கீழே நிற்பவர்கள் இறுக்கிப் பிடித்த பிறகுதான் கத்தியை வைப்பான். குலை கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல ஓசையின்றி இறங்கும். குடித்து முடித்த கோம்பைகளை ஒளிப்பதில்லை. அவற்றை அந்த வீட்டுத் திண்ணையிலேயே வட்டமாக அடுக்கிவைத்துவிட்டு வருவதுதான் முறை. திருடனுக்குத் தடயம் பகை, சிவராத்திரிக் குறும்பனுக்கோ தடயமே நோக்கம். இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழு வழக்கமும் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

படலை தூக்குவது அதைவிட எளிது. கிடுகு வேலி அடைத்த வளவுகளுக்குப் பனைமட்டையாலோ காட்டுத் தடிகளாலோ வரிந்து கட்டிய படலை இருக்கும். ஒரு பக்கம் கயிற்று வளையத்தால் கப்பில் மாட்டப்பட்டிருக்கும். வளையத்தைத் தளர்த்தி இரண்டு பேர் தூக்கினால் போதும். மாடு அடைக்கும் காலைக்கும் வயற்காணிக்கும் இருந்தது கடப்பு: துளையிட்ட இரண்டு பாலைமரக் கப்புகளுக்கிடையே குறுக்காகச் செருகப்பட்ட மூன்று தடிகள். கடப்புத் தடியை மட்டும் இளைஞர்கள் உருவக் கூடாது. உருவினால் மாடு வெளியேறிப் பிறர் வயலுக்குள் இறங்கிவிடும், சிரிப்பாகத் தொடங்கியது வழக்காக முடியும்.

இது போல எழுதப்படாத விதிகள் பல இருந்தன. துடக்கு வீட்டையும், ஆண்டுத் திவசம் முடியாத வீட்டையும், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டையும் தொடுவதில்லை. விரத இரவு என்பதால் கோழியை நினைப்பதே இல்லை. எடுத்த பொருளை உடைக்கவோ விற்கவோ கூடாது. அது விடியும்போது பொது இடத்தில் இருக்க வேண்டும். மறுநாள் பிழைப்புக்குத் தேவையானதைத் தொடக்கூடாது என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலான விதி. அதை நான் மீறியிருக்கிறேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும். எங்கள் குழு ஒரு கைம்பெண்ணின் வளவிலிருந்து கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் எடுத்து வந்து ஆலமரக் கிளையில் தொங்கவிட்டது. விடியற்காலையில் நோயாளியான தாய்க்குத் தண்ணீர் வார்க்க முடியாமல், அவர் குடத்தோடு மூன்று வளவு தாண்டி நடந்திருக்கிறார். செய்தி அறிந்த என் அப்பப்பா வாளியை என் கையில் கொடுத்து அங்கே அழைத்துப் போனார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "படலையைத் தூக்கியிருந்தா நானும் சிரிச்சிருப்பன் தம்பி. தண்ணியில ஏனப்பு கை வைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஏழு நாள் காலையும் மாலையும் அவர் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கும்படி அப்பப்பா கட்டளையிட்டார். அந்தக் கேள்வியின் சூடு இன்றும் எனக்கு ஆறவில்லை.

எவரிடம் குறும்பு செய்யலாம் என்பதையும் ஊர் வரையறுத்திருந்தது. தமிழர் உறவுமுறையில் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன் ஆகியோரிடம் அடக்கம் வேண்டும். மாமன் வீட்டுப் பக்கத்தில், அதிலும் மச்சானிடத்தில், கேலிக்கு உரிமை உண்டு. மானிடவியலாளர் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுண் 1940இல் கேலி உறவுகளைப் பற்றி எழுதியபோது, ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கமே அனுமதிப்பதையும், கேலி செய்யப்படுபவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்பார்க்கப்படுவதையும் இவ்வுறவின் இயல்பாகக் காட்டினார். எங்கள் ஊரில் எந்தப் படலை முதலில் போகும் என்பதைக் கவனித்தாலே இது விளங்கும். குழுவின் தலைவனுக்கு மாமன் முறையானவரின் வளவிலிருந்துதான் வேலை தொடங்கும். பெரியப்பாவின் படலையை எடுக்க வேண்டுமென்றால், அவரை மாமா என்று அழைக்கும் வேறொருவன் முன்னே செல்வான்.

ஆனால் உறவுமுறையால் மட்டும் விளக்க முடியாத ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். வேறு மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. முதல் இரண்டு சிவராத்திரிகளிலும் அவர்கள் வீட்டை எவரும் தொடவில்லை. மூன்றாம் ஆண்டு விடியலில் அவர்கள் படலையும் ஆலமரத்தடியில் கிடந்தது. அதை எடுக்க வந்த வீட்டுக்காரர் நெடுநேரம் அங்கே நின்று எல்லாரோடும் கதைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பிளேன்ரீ போட்டு ஒரு பெரிய கேத்திலில் கொண்டுவந்து கோயிலடியில் நின்ற அனைவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். குறும்புக்கு ஆளாவது, ஊரில் ஒருவராக எண்ணப்பட்டதன் அடையாளம். மதிக்கப்படாதவரின் படலை போவதில்லை. அஞ்சப்படுபவரின் படலையும் போவதில்லை. திரும்பி வரும் என்ற நம்பிக்கை இரு பக்கமும் இருக்கும் இடத்தில்தான் ஒரு பொருளை விளையாட்டாக எடுக்க முடியும்.

இந்த வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் ஏப்ரல் 30ஆம் திகதி இரவில், மே மாதம் பிறப்பதற்கு முன்பாக, இளைஞர்கள் வீடுகளின் தோட்டப் படலைகளைக் கழற்றி ஊர்ப் பொது இடங்களில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கும் சேதம் விளைவிப்பது விதிமீறலாகவே கருதப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டு இளைஞர்கள் பருவம் மாறும் இரவில் அதே பொருளைத் தேர்ந்திருப்பது என்னை வியக்க வைக்கிறது. படலைதான் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள எல்லை என்பதால் அப்படி இருக்கலாம்.

சிவராத்திரிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது வாரங்கள் வரை இருக்கும். 2024இல் சிவராத்திரி மார்ச் 8ஆம் திகதியும், 2025இல் பெப்ரவரி 26ஆம் திகதியும் வந்தது. வருடப்பிறப்போ பெரும்பாலும் ஏப்ரல் 14இலேயே நிற்கும். நகரில் கோணேசப் பெருமான் சுவாமி மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவதும், பங்குனியில் கோணேஸ்வரத்தில் கொடியேறுவதும் இந்த இடைவெளியில்தான். இருளில் நடந்த குறும்பு, வெளிச்சத்தில் எல்லாருடைய கண் முன்னாலும் நடக்கும் விளையாட்டாக மாறுவதை இக்காலத்தில் காணலாம்.

வருடப்பிறப்பன்று மருத்துநீர் தேய்த்து முழுகிப் புத்தாடை உடுத்தி, பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்குவார்கள். வெற்றிலையில் நாணயம் வைத்து, சில வீடுகளில் நெல்லும் பூவும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆலமரத்தடியில் தன் படலையைத் தேடி எடுத்த அதே கையால், அதைத் தூக்கிச் சென்றவனுக்கு அந்தப் பெரியவர் கைவிசேடம் கொடுப்பார். வாங்குபவன் காலில் விழுந்து எழும்போது, "படலைக் கயிறு இப்ப நல்லா இறுக்கிக் கட்டியிருக்கிறன்" என்று ஒரு சொல் வரும். அவ்வளவோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

பிற்பகலில் போர்த்தேங்காய். இதற்கென்று தடித்த ஓடுடைய தேங்காய்களை மாதக்கணக்கில் தேடி வைப்பார்கள். விரலால் சுண்டிப் பார்த்து ஒலியிலேயே ஓட்டின் தடிப்பை அறியும் முதியவர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் தேங்காயைத் தரையில் வைக்க, மற்றவர் தன் கைத்தேங்காயால் ஓங்கி அடிப்பார். உடைந்தவர் தோற்றவர். உடைந்த தேங்காய்கள் கடகங்களில் சேர்ந்து அன்றிரவே அடுப்படிக்குப் போகும். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் ஆகியவை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே நடந்தன. வெருகலாற்றுக்குத் தெற்கே மட்டக்களப்புக் கிராமங்களில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டு உண்டு. வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கொளுவிய இரு மரக் கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த கட்சியை வென்ற கட்சி வசைப்பாட்டால் நையாண்டி செய்யும். உறவினரே எதிரெதிராக நின்று வைதுகொள்ளவும், முடிந்தபின் ஒரே பந்தியில் இருக்கவும் வழக்கம் இடங்கொடுக்கிறது. படலைக் குறும்பின் அடியில் இருப்பதும் இதே ஒழுங்குதான்.

பெண்பிள்ளைகளின் பங்கைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும். சிவராத்திரி இரவில் அவர்கள் தாய்மாரோடு கோயில் மண்டபத்தில் இருத்தப்பட்டார்கள். இருட்டில் நடக்கும் உரிமை அவர்களுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அவர்களுக்குரியது சித்திரை ஊஞ்சல். புளியமரத்திலோ வேம்பிலோ வடக்கயிற்றால் கட்டிய பெரிய ஊஞ்சலில் ஆறேழு பேர் வரிசையாக இருக்க, இருவர் இரு முனையில் நின்று உந்துவார்கள். அப்போது பாடும் ஊஞ்சல் பாட்டில் மச்சான்மாரின் பெயரும் நடையும் உடையும் அடிபடும். மச்சான் முறையானவர் அருகே வந்தால் மறைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அவர் மேல் விழும். மாசியில் படலை தூக்கியவனின் புதுச்சட்டை சித்திரையில் மஞ்சளாகும். அதை எனக்குச் சொன்ன என் மாமியார், தன் பதினைந்தாவது வயதில் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரை எழுபது வயதிலும் சிரித்துக்கொண்டே விவரித்தார்.

இவையெல்லாம் ஏன் நின்றுபோயின என்று கேட்கும்போது, பலர் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் குறை சொல்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. திருகோணமலையில் இரவு எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 1985இலும் 1990இலும் போரினால் மாவட்டத்தின் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. ஊரடங்குச் சட்டமும் காவலரணும் வந்தபின், இருட்டில் நான்கு இளைஞர் சேர்ந்து நடப்பது உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலையில், திருகோணமலை நகரக் கடற்கரையில் நண்பர்களாகக் கூடியிருந்த மாணவர்கள் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகு வந்த சிவராத்திரியில் எந்தத் தாய் தன் மகனைக் கோயில் வாசலுக்கு வெளியே விட்டிருப்பாள்? அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வருடப்பிறப்புக்கு 2 நாள் முன்னர், நகரச் சந்தையில் குண்டு வெடித்து வன்முறை மூண்டது. அம்மாத இறுதியில் மூதூர் கிழக்கில் குண்டுவீச்சு நடந்து ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் தம் நிலத்தில் மீண்டும் கால்வைக்க ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. இப்படிப்பட்ட ஆண்டுகளில் ஒரு வீட்டின் படலை இரவில் அசைந்தால், உள்ளே இருந்தவர்கள் சிரிக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். அந்த ஓசைக்கு இருந்த பொருளே மாறிவிட்டது. ஒரு தலைமுறை முழுவதும் அப்படிக் கிடந்து பழகியபின், போர் முடிந்தது என்ற அறிவிப்பால் மட்டும் குறும்பு திரும்பி வந்துவிடாது.

மதில்களும் வந்துவிட்டன. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் முதலில் கட்டியது முள்ளுக்கம்பி வேலியையும் இரும்புக் கேற்றையும்தான். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கிடுகு வேலியை ஆண்டுக்கு ஒருமுறை அடைக்க ஆளும் இல்லை, கிடுகும் மலிவாக இல்லை. வண்டில்களுக்குப் பதிலாக உழவு இயந்திரம் நிற்கிறது. இளைஞரில் பலர் கட்டாரிலோ கொழும்பிலோ வேலை செய்கிறார்கள். வருடப்பிறப்பு விளையாட்டுகளை இப்போது விளையாட்டுக் கழகங்கள் ஒலிபெருக்கி கட்டிப் பரிசுகளோடு நடத்துகின்றன. அவை நல்ல முயற்சிகள், பிள்ளைகள் மகிழ்கிறார்கள், பெண்பிள்ளைகளும் மைதானத்தில் ஓடுகிறார்கள். ஆயினும் பெயர் பதிந்து நடக்கும் போட்டியில், பெயர் தெரியாமல் நடக்க வேண்டிய குறும்புக்கு இடமில்லை.

எங்கள் வளவின் வாசலில் இப்போது இரும்புக் கேற் இருக்கிறது. காணிக்குப் பின்புறம், முன்பு மாட்டுக்காலை இருந்த இடத்தில், கடப்பின் பாலைமரக் கப்புகள் இரண்டும் இன்னும் உளுத்துப்போகாமல் நிற்கின்றன. தடிகள் எப்போதோ விறகாகிவிட்டன. சென்ற சிவராத்திரியன்று நாலாம் சாமம் முடிந்து வரும்போது, என்னோடு வந்த தங்கையின் மகன் ஒரு கப்பின் துளைக்குள் விரலைவிட்டுப் பார்த்து, "மாமா, இது என்னத்துக்கு?" என்று கேட்டான். கோயில் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவிலிருந்து ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வரச் சொன்னேன். அவன் வேலியைத் தாண்டி இருட்டுக்குள் ஓடினான்.